ஆறாத வாய்ப்புண்: பிள்ளைகளின் வாய்க் காசநோயை இனங்காணும் முறை

வன்னியில் பிள்ளைக்கு வாய் அவிந்தால் மணத்தக்காளிச் சொதி வைத்துக் கொடுப்பது வழமை. பெரும்பாலான வாய்ப்புண்கள் 10 முதல் 14 நாட்களுக்குள் தாமாகவே ஆறிவிடுவதால் அதில் பிழையில்லை. ஆனால் புண்ணைக் கண்ட திகதியை நாட்காட்டியில் குறித்துவையுங்கள். வாயில் காசநோய் வருவது மிக அரிது. அரிது என்பதாலேயே அது முரசு வீக்கம் என்றோ பல்லடிச் சீழ்க்கட்டு என்றோ எண்ணப்பட்டு மாதக்கணக்கில் தவறவிடப்படுகிறது.

பகல் வெளிச்சத்தில் பிள்ளையை வாசலை நோக்கி இருத்தி, கழுவிய விரலால் உதட்டையும் கன்னத்தையும் விலக்கி, முரசு, கன்னத்தின் உட்புறம், நாக்கின் ஓரம், பல் பிடுங்கிய குழி ஆகியவற்றைப் பாருங்கள். சாதாரணப் புண் எரியும். பிள்ளை உறைப்பை ஒதுக்கும். பிள்ளைகளில் காசநோய்ப் புண்ணோ பெரும்பாலும் நோவற்றது. ஆகவே நோவில்லை என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அடுத்து, தாடைக்குக் கீழும் கழுத்தின் இரு பக்கங்களிலும் தடவிப் பாருங்கள். அங்கே நோவில்லாத நெறிக்கட்டு, அதுவும் ஒன்றோடொன்று ஒட்டியதுபோல் தட்டுப்பட்டால், 2 வாரம் முடியும்வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் செல்லுங்கள். நெறிக்கட்டு இல்லாவிடினும் 2 வாரம் கடந்த புண்ணைக் காட்டியே ஆகவேண்டும்.

பல் வைத்தியரிடமோ மாவட்ட வைத்தியசாலையின் பிள்ளை மருத்துவரிடமோ தடுப்பூசி அட்டையுடன் போங்கள். பிறந்தவுடன் போட்ட பி.சி.ஜி. என்னும் காசநோய்த் தடுப்பூசியின் தழும்பு கையில் இருந்தாலும் சந்தேகத்தைக் கைவிடலாகாது. அந்த ஊசி முக்கியமாகக் கடுமையான வகைகளிலிருந்தே காக்கிறது. நோயை உறுதிசெய்யப் புண்ணிலிருந்து சிறு தசைத்துண்டு எடுக்கப்படும்; பெற்றோர் அஞ்சித் தள்ளிப்போடுவது இதைத்தான், ஆனால் இதுவே முதன்மையான பரிசோதனை. நெஞ்சு எக்ஸ்ரேயும், காசநோய்த் தொற்று உண்டா என்று அறிய முன்கையில் ஊசியாகப் போடும் மான்டூ தோற்பரிசோதனையும் தேவைப்படலாம். ஊசி போட்ட இடத்தை 48 முதல் 72 மணித்தியாலங்களுக்குள் மீண்டும் காட்டவேண்டியிருப்பதால், துணுக்காய் போன்ற தூர இடங்களிலிருந்து பேருந்தில் வருபவர்கள் இரண்டாவது பயணத்தையும் முன்கூட்டியே ஒழுங்குசெய்துகொள்ள வேண்டும்.

நோய் உறுதியானால், அரச மார்புநோய் சிகிச்சை நிலையம் மருந்தை இலவசமாக வழங்கும். சிகிச்சை வழமையாக 6 மாதம்: முதல் 2 மாதம் கூடுதல் மருந்துகள், எஞ்சிய 4 மாதம் குறைந்த மருந்துகள். புண் சில வாரங்களில் மறைந்தாலும் மருந்தை நிறுத்தக்கூடாது. இம்மருந்துகளில் ஒன்றான ரிஃபாம்பிசின் சிறுநீரைச் செம்மஞ்சள் நிறமாக்கும், அது பயப்படவேண்டிய ஒன்றல்ல. கண் மஞ்சளானாலோ தொடர்ந்து சத்தியெடுத்தாலோ உடனே காட்டுங்கள்.

பச்சைப் பாலால் மாட்டுக் காசநோய்க் கிருமி பரவக்கூடும் என்பதால் கறந்த பாலைக் கொதிக்கவைத்தே கொடுங்கள். எனினும் பிள்ளைக்குத் தொற்று வருவது பெரும்பாலும் இருமும் பெரியவரிடமிருந்துதான். வீட்டில் அம்மப்பா 2 வாரத்துக்கு மேல் இருமிக்கொண்டிருந்தால் அவரையும் அதே பேருந்தில் கூட்டிச் செல்லுங்கள்.