தைரொயிட் குறைவு என்று சந்தேகமா? டொக்டரிடம் போக முன்னம் செய்ய வேண்டியவை

ஆனி, ஆடி மாதம் கச்சான் காற்று அனலாய் அடிக்கும்போது திருகோணமலையே வேர்த்துக் கொட்டும். அந்த நேரத்திலும் ஒருவர் மட்டும் ஃபேனை நிற்பாட்டிவிட்டுப் போர்வை தேடுகிறார் என்றால், கழுத்தின் முன்பக்கத்திலுள்ள தைரொயிட் சுரப்பி மந்தமாகிவிட்டதோ என்று சந்தேகப்படுவதில் நியாயம் இருக்கிறது. ஆனால் களைப்பு, முடி கொட்டுதல், உடம்பு போடுதல், மலச்சிக்கல், மறதி எல்லாம் இரத்தச்சோகையிலும் வரும், சீனி வருத்தத்திலும் வரும், மனச்சோர்விலும் வரும். ஓபிடியில் நீண்ட வரிசையைப் பார்க்கும் டொக்டரிடம் "எனக்குத் தைரொயிட் போல கிடக்கு" என்று மட்டும் சொன்னால் அவருக்கு அதில் பிடித்துக்கொள்ள ஒன்றும் இராது. உங்கள் உடம்பில் எது, எப்போதிருந்து மாறியது என்பதுதான் அவருக்கு வேண்டும். அதை வீட்டிலேயே ஆயத்தப்படுத்தலாம்.

அதற்கு முன் ஒன்று. ஆள் அளவுக்கு மீறித் தூங்கி விழுகிறார், பேச்சுத் தடுமாறுகிறது, உடம்பு குளிர்ந்து மூச்சு மெதுவாகிறது, அல்லது கழுத்து வீங்கி மூச்சு முட்டுகிறது என்றால் கிளினிக் திகதி வரும்வரை காத்திருக்க வேண்டாம். 1990 க்கு அழைத்து அம்புலன்ஸில் நேரே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

முதல் படி: மாற்றத்தை எழுதுங்கள்

ஒரு கொப்பித் தாளை நடுவே கோடு போட்டுப் பிரியுங்கள். ஒரு பக்கம் "முந்தி", மற்றப் பக்கம் "இப்ப". "களைப்பு" என்று ஒற்றைச் சொல் எழுதினால் போதாது. "தைப்பொங்கல் மட்டும் சந்தையால் இரண்டு கையிலும் சாமான் தூக்கி வந்தேன், இப்ப வெறுங்கையோடு வந்தாலும் இருந்து எழும்ப வேண்டியிருக்கு" என்று எழுதுங்கள். திகதி நினைவில்லாவிட்டால் சித்திரை வருசம், நோன்புப் பெருநாள், பிள்ளையின் பரீட்சை என்று ஏதாவது ஒன்றை வைத்துச் சொல்லலாம்.

எடையையும் எழுதுங்கள். தைரொயிட் குறைவால் கூடுவது பெரும்பாலும் சில கிலோதான். அதைவிட நிறையக் கூடியிருந்தால் டொக்டர் வேறு காரணத்தையும் தேடுவார்.

பலர் சொல்லாமல் விடுகிற விடயங்கள்தான் இங்கே முக்கியம். குரல் கரகரத்தல், காலையில் முகமும் கண்ணைச் சுற்றியும் ஊதியிருத்தல், தோல் காய்ந்து சொரசொரத்தல், கைவிரல் விறைத்தல், மனம் எதிலும் ஒட்டாமை. மாதவிடாயில் இரத்தப்போக்குக் கூடியிருந்தால் கட்டாயம் எழுதுங்கள். ஆண் டொக்டரிடம் வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் தாளை நீட்டிவிடுங்கள், அதுவே போதும். கண்ணாடி முன் நின்று ஒரு மிடறு தண்ணீர் விழுங்கும்போது கழுத்தின் முன்பக்கம் வீக்கம் ஏதும் ஏறி இறங்குகிறதா என்றும் பாருங்கள். அமுக்கிப் பார்க்க வேண்டாம்.

கர்ப்பமாக இருந்தாலும், அதற்கு முயன்றாலும், பிள்ளை பெற்று ஒரு வருடத்துக்குள் இருந்தாலும், கதிரையில் இருந்ததும் முதல் சொல்ல வேண்டியது அதைத்தான்.

இரண்டாம் படி: குளிசைகளும் குடும்பமும்

குடிக்கிற மருந்துகளை அட்டையோடு ஒரு பையில் போடுங்கள். லித்தியம் (மனநோய்க்குக் கொடுப்பது), அமியோடரோன் (இருதயத் துடிப்புக் கோளாறுக்குக் கொடுப்பது) போன்றவை தைரொயிட்டை நேரடியாகப் பாதிக்கும். முடி வளரக் குடிக்கும் குளிசைகளைப் பலர் மருந்தாகவே கணக்கெடுப்பதில்லை. அவற்றில் பயோட்டின் என்ற விற்றமின் அதிக அளவில் இருந்தால் சில ஆய்வுகூட முறைகளில் இரத்த முடிவே பிழையாக வந்து, உள்ள குறைபாட்டை மறைத்துவிடலாம். பரிசோதனைக்கு எத்தனை நாள் முன் நிறுத்துவது என்று கேளுங்கள்; குறைந்தது இரண்டு நாளாவது விடச் சொல்வார்கள். கசாயம், லேகியமும் இதில் அடக்கம். டொக்டர் சிங்களம் பேசுபவராக இருந்தால் அட்டையில் உள்ள ஆங்கில மருந்துப் பெயரே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

அம்மா, சகோதரிகள், சித்தி, பெரியம்மா யாருக்கும் தைரொயிட் இருந்ததா? சிறு வயதிலேயே இன்சுலின் போட்ட ஆள், தோலில் வெண்படை உள்ள ஆள் குடும்பத்தில் உண்டா? இவையும் தாளில் ஏறட்டும்.

"தினமும் கடல் மீன் சாப்பிடுறம், அயடின் உப்புப் பாவிக்கிறம், எங்களுக்கு வராது" என்று நம் ஊரில் சொல்வார்கள். அயடின் போதியளவு கிடைக்கும் இடங்களில் இந்த வருத்தத்துக்கு முதன்மைக் காரணம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைத் தாக்குவது. மீன் அதைத் தடுக்காது.

மூன்றாம் படி: இரத்தப் பரிசோதனை

வழக்கமாக முதலில் பார்ப்பது டி.எஸ்.எச். இது தைரொயிட் சுரப்பதல்ல. மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி "வேலை செய்" என்று தைரொயிட்டைத் தூண்ட அனுப்புவது. தைரொயிட் மந்தமானால் தூண்டல் கூடும். ஆகவே இலக்கம் ஏறினால் தைரொயிட் குறைகிறது என்று அர்த்தம். துண்டைப் பார்த்து "கூடிப்போச்சு" என்று தலைகீழாக விளங்கிக்கொண்டு பயப்படுகிறவர்கள் நிறைய. கூடவே தைரொயிட் தானே சுரக்கும் ஃப்ரீ டி4 இன் அளவையும் பார்த்தால்தான் முழுப்படம் தெரியும்.

இதற்கு வெறும் வயிறு தேவையில்லை. கொலஸ்ட்ரோலும் சீனியும் சேர்த்துப் பார்ப்பதானால் தேவைப்படலாம், கேட்டுக்கொள்ளுங்கள். டெங்கு போல பெரிய காய்ச்சல் ஒன்றிலிருந்து இப்போதுதான் எழும்பியிருந்தால் அதையும் சொல்லுங்கள். அந்த நேரத்து முடிவு உண்மைநிலையைக் காட்டாமல் போகலாம். டி.எஸ்.எச். சிறிதளவு மட்டும் கூடி, டி4 சரியாக இருந்தால், பெரும்பாலும் சில மாதம் விட்டுத் திரும்பப் பார்த்த பிறகே முடிவெடுப்பார்கள். முடிந்தால் அதே ஆய்வுகூடத்தில், அதே காலை நேரத்தில் செய்யுங்கள்.

நான்காம் படி: போகிற நாள்

மூதூர், கிண்ணியா ஆதார வைத்தியசாலையோ, நகரத்தின் மாவட்டப் பொது வைத்தியசாலையோ, பணம் கட்டிச் சனல் பண்ணுவதோ, எதுவானாலும் கிளினிக் கொப்பி, அடையாள அட்டை, பழைய துண்டுகள், நீங்கள் எழுதிய தாள் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். மறதி இருந்தால் ஒருவரைத் துணைக்குக் கூட்டிப்போங்கள்.

ஐந்தாம் படி: கேட்டுவிட்டு எழும்புங்கள்

"இது தைரொயிட் இல்லையென்றால் வேறென்ன பார்ப்பீர்கள்?" என்ற கேள்வியை விடாதீர்கள். குறைந்த தைரொயிட் சுரப்பை ஈடுசெய்யும் லெவோதைரொக்சின் குளிசையை எழுதித் தந்தால் எப்படிக் குடிப்பது என்று கேளுங்கள். பொதுவாகக் காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு, தேத்தண்ணிக்கும் சாப்பாட்டுக்கும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னதாக. இரும்புச்சத்து, கல்சியம் குளிசைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். இருதய வருத்தம் இருந்தால் சொல்லுங்கள், மிகக் குறைந்த அளவில் தொடங்குவார்கள். அதனால்தான் பக்கத்து வீட்டு மாமியின் குளிசையை வாங்கிக் குடித்துப் பார்ப்பது ஆபத்து.

அடுத்த இரத்தப் பரிசோதனை எப்போது என்றும் கேட்டுக் கொப்பியில் குறித்துக்கொள்ளுங்கள். மருந்து தொடங்கினால் வழக்கமாக 6 முதல் 8 கிழமைக்குள் திரும்பப் பார்த்து அளவைச் சரிசெய்வார்கள். இடையில் சுகம் போலத் தெரிந்தாலும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.