ஸ்டைலான ஆளுங்களை மட்டும் வச்சு ஒரு கிரிக்கெட் டீம் எடுக்குறது எப்படி

முதல்லயே சொல்லிடுறேன், இது ஜெயிக்கிறதுக்கு எடுக்குற டீம் இல்ல. ஜெயிக்கணும்னா ஆவரேஜ் வரிசையில பதினோரு பேரை எழுதிட்டு போயிட்டே இருக்கலாம், பத்து நிமிஷ வேலை. இது பார்க்குறதுக்கு எடுக்குற டீம். வீட்ல யாரும் இல்லாத ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம், சாப்பிட்டு முடிச்சு, ஃபேனுக்கு கீழ படுத்துக்கிட்டு, ஸ்கோர் என்னன்னே தெரியாம பார்த்துட்டே இருக்கலாம்னு தோணுமே அந்த மாதிரி ஆளுங்க. அதை எடுக்குறதுக்கும் ஒரு முறை இருக்கு, இல்லன்னா கடைசியில நமக்கு பிடிச்ச ஆளுங்களோட லிஸ்ட்தான் வரும், அது வேற இது வேற.

மொதல் வேலை, கெத்து வேற ஸ்டைல் வேறன்னு பிரிச்சுக்கோங்க. இதுலதான் எல்லாரும் கோட்டை விடுறாங்க. விவ் ரிச்சர்ட்ஸ் ஹெல்மெட் இல்லாம தொப்பி போட்டுக்கிட்டு சூயிங்கம் மென்னுக்கிட்டே மெதுவா நடந்து வருவாரே, அது கெத்து, எதிர்ல இருக்குற பவுலரை பாதி அங்கயே முடிச்சிடுவாரு. சேவாக் அடிக்கிறது அடி, ஜாண்டி ரோட்ஸ் பாயுறது வேகம், கோலி கண்ணுல தெரியுறது வெறி. எல்லாமே பார்க்க நல்லாதான் இருக்கும், ஆனா ஸ்டைல்னு நான் சொல்றது அலட்டிக்காம செய்றதை. தொண்ணூறு மைல் வேகத்துல பந்து வருது, மத்தவங்க எல்லாம் அவசர அவசரமா ஏதோ பண்றாங்க, இவரு மட்டும் மோர் குடிச்சுட்டு வந்து நிக்கிற மாதிரி நின்னு ஆடுறாரு பாருங்க, அதான். ரிச்சர்ட்ஸை விடுறதுக்கு எனக்கும் மனசு கேட்கல, ஆனா இந்த கோட்டை இங்க போடலன்னா அப்புறம் எங்கயும் போட முடியாது.

அடுத்தது ஸ்கோர்கார்டை மூடி வைக்கிறது. இதுக்கு வா சகோதரர்களை விட நல்ல உதாரணம் கிடையாது. ஆஸ்திரேலியாவோட ஸ்டீவ் வா, மார்க் வா ரெட்டை பிள்ளைங்க, ஒரே வீடு, ஒரே தோட்டத்துல ஆடி வளர்ந்தவங்க. டெஸ்ட்ல ஸ்டீவ் ஆவரேஜ் 51, மார்க் 41 சொச்சம். நம்பரை பார்த்தா ஸ்டீவ், அதுல பேச்சே இல்ல. ஆனா 1991ல அடிலெய்டுல இங்கிலாந்துக்கு எதிரா ஸ்டீவை தூக்கிட்டு அந்த இடத்துலதான் மார்க்கை எடுத்தாங்க, மொதல் டெஸ்ட்லயே 138. லெக் ஸ்டம்ப் பந்தை அவரு மிட்விக்கெட் பக்கம் திருப்பி விடுறதை பார்த்தா பேட்டுக்கும் பந்துக்கும் சண்டையே இல்லாத மாதிரி இருக்கும். ஸ்லிப்ல கேட்ச் பிடிக்கிறதும் அப்படித்தான், தட்டுல இருந்து பழம் எடுக்குற மாதிரி. நாலாம் இடம் அவருக்கு.

ஒரு ஆளு ஸ்டைலா இல்லையான்னு சந்தேகமா இருந்தா நான் பண்றது இதுதான். வீடியோவை மியூட்ல போடுங்க, ஏன்னா கமெண்ட்ரியும் கூட்டத்தோட சத்தமும் சேர்ந்து எந்த ஷாட்டையும் பெரிய ஷாட்டா ஆக்கிடும். சிக்ஸ் ஃபோர் தொகுப்பெல்லாம் வேண்டாம், அவரு பந்தை விடுறதை பாருங்க, தடுக்குறதை பாருங்க, முடிஞ்சா அவுட் ஆகுறதை பாருங்க. அவுட் ஆகும்போதும் அழகா இருந்தா கண்ணை மூடிக்கிட்டு எடுத்துக்கலாம். இன்னொண்ணு, சின்ன வயசுல தெருவுல ஆடும்போது யாரை காப்பி அடிச்சீங்கன்னு யோசிங்க, அவங்களை கொஞ்சம் சந்தேகமா பாருங்க. மலிங்கா மாதிரி கையை படுக்க வச்சு வீசலாம், பும்ரா மாதிரி கையை விறைப்பா நீட்டிக்கிட்டு ஓடி வரலாம், ரெண்டு நிமிஷத்துல எந்த பையனும் பண்ணிடுவான். மார்க் வா மாதிரி ஆடி காட்டுன்னா என்னத்த பிடிக்கிறது? அதுல பிடிச்சு இழுக்க ஒண்ணுமே இருக்காது. வித்தியாசமா இருக்குறது ஸ்டைல் ஆகாது, பும்ரா எவ்ளோ பெரிய பவுலரா இருந்தாலும் சரி.

இப்ப லெஃப்ட் ஹேண்டர் பிரச்சினை. இதுக்கு கண்டிப்பா ஒரு கோட்டா வைங்க, இல்லன்னா பதினோரு பேர்ல எட்டு பேர் இடது கைக்காரங்களா வந்து நிப்பாங்க. காரணம் ரொம்ப சிம்பிள். உலகத்துல பாதிக்கு மேல வலது கை பவுலருங்க, அவங்க ஓவர் த விக்கெட் வந்து போட்டா பந்து லெஃப்ட் ஹேண்டருக்கு குறுக்கால வெளிய போகும், ஆஃப் சைடுல கையை வீச இடம் கிடைக்கும், கவர் டிரைவ் தானா அழகா வரும். அதாவது பாதி அழகு பவுலர் கொடுக்குறது. அதனால மொதல் ஆறு பேர்ல ரெண்டே பேருக்குதான் இடம். இதுல எனக்கு ரொம்ப வலிச்சது இங்கிலாந்தோட டேவிட் கவர். 1978ல எட்ஜ்பாஸ்டன்ல பாகிஸ்தானுக்கு எதிரா டெஸ்ட்ல அவரு சந்திச்ச மொதல் பந்தையே புல் பண்ணி ஃபோர். 1991 ஆஸ்திரேலியா டூர்ல டீம் ஆடிக்கிட்டு இருக்கும்போதே டைகர் மாத்னு ஒரு பழைய குட்டி பிளேன்ல ஏறி கிரவுண்டுக்கு மேல பறந்து ஃபைன் கட்டினவரு. அவரை விட்டுட்டேன், என்னை மன்னிக்கணும்.

விட்டதுக்கு காரணம் வெஸ்ட் இண்டீஸோட லாரா. பேட்டை தோளுக்கு மேல தூக்கி, உடம்பை லேசா சுருட்டி, பந்து வர்ற நேரத்துக்கு ஒரு சின்ன குதி குதிச்சு... இதுக்கு மேல எழுத தெரியல. 375, 501, 400ன்னு நம்பர் எல்லாம் எல்லாருக்கும் தெரியும். ஆனா நீங்க 2001ல இலங்கையில ஆடின சீரீஸை தேடி பாருங்க. முரளி உச்சத்துல இருக்காரு, மத்த எல்லாரும் தடவிக்கிட்டு இருக்காங்க, லாரா மட்டும் இறங்கி வந்து அடிக்கிறாரு, மூணு டெஸ்ட்ல 688 ரன். டீம் 3-0 தோத்துச்சு. ஸ்கோர்கார்டை ஏன் மூடி வைக்க சொன்னேன்னு இப்ப புரியுதா.

இன்னொரு லெஃப்ட், பாகிஸ்தானோட ஓப்பனர் சயீத் அன்வர். ஓப்பனர் எடுக்கும்போது ஒரு விஷயம் கவனிங்க, நிஜமாவே ஓப்பன் பண்ணவங்களை எடுங்க, மிடில் ஆர்டர் ஆளை தூக்கி மேல போட்டு ஏமாத்தாதீங்க. புது பந்துல ஸ்டைலா ஆடுறது தனி வித்தை. அன்வர் கால் பெருசா நகராது, மணிக்கட்டுதான் எல்லாம். 1997ல சேப்பாக்கத்துல மே மாச வெயில்ல நமக்கு எதிரா 194, அஃப்ரிடி ரன்னரா ஓட இவரு நின்ன இடத்துல நின்னு அடிச்சாரு, சச்சின் 2010ல 200 அடிக்கிற வரைக்கும் ஆண்கள் ஒருநாள் மேட்ச்ல அதை யாரும் தாண்டல. அடி வாங்கினது நம்ம டீம்தான், ஆனாலும் எரிச்சல் வரல, அதான் பரீட்சை. எதிரணி ஆளு அடிக்கும்போது உங்களுக்கு கோபம் வரலன்னா அவரு பேரை எழுதிக்கோங்க.

கூட ரோகித். டி20ல இல்ல, 2021 பிப்ரவரியில அதே சேப்பாக்கத்துல மொதல் நாளே திரும்புன பிட்ச்ல 161 அடிச்சாரே, அந்த ரோகித்.

சரி, மணிக்கட்டு விவகாரத்துக்கு வருவோம், எனக்கு தூக்கம் போனது இங்கதான். அசாருதீன், லக்ஷ்மண் ரெண்டு பேரும் ஹைதராபாத், ரெண்டு பேரும் மணிக்கட்டு ஆளுங்க. ஒரே வகை ஆளை அடுக்கி வச்சா திகட்டிடும், ரெண்டு பாயாசம் ஒரே பந்தியில பரிமாறுற மாதிரி. அசார் 1990ல லார்ட்ஸ்ல அடிச்ச 121ஐ பார்த்தா அவர்தான்னு தோணுது, அடுத்த நாள் 2001ல ஆஸ்திரேலியாவுக்கு எதிரா கொல்கத்தாவுல லக்ஷ்மண் அடிச்ச 281ஐ பார்த்தா லக்ஷ்மண்தான்னு தோணுது. கடைசியா என்னை சாய்ச்சது ஒரு விஷயம். அந்த மேட்ச்ல லெக் ஸ்பின்னர் வார்ன் லெக் ஸ்டம்புக்கு வெளிய காலடி பட்டு பேர்ந்து கிடக்குற இடத்துல பந்தை போடுறாரு, லக்ஷ்மண் இறங்கி வந்து இன்சைட் அவுட்டா, அதாவது லெக் பக்கம் ஒதுங்கி ஆஃப் பக்கம் கவர்ல அடிக்கிறாரு, கிட்டத்தட்ட அதே இடத்துல விழுற இன்னொரு பந்தை மிட்விக்கெட்ல திருப்புறாரு. ஒரே பந்துக்கு ரெண்டு பக்கமும் கதவு திறந்தா பவுலர் எங்க ஆளை நிறுத்துவாரு? 452 பந்து, 44 ஃபோர், முகத்துல ஒரு சுருக்கம் கிடையாது. லக்ஷ்மண் அஞ்சாவது.

அப்புறம் வாய்வழி கோட்டான்னு ஒண்ணு. நாம கண்ணால பார்த்தவங்களை மட்டும் எடுத்தா நம்ம பன்னெண்டு வயசுல டிவில வந்தவங்கதான் டீம் முழுக்க இருப்பாங்க, அந்த வயசுல பார்த்த எல்லாமே அழகாத்தான் தெரியும். அதுக்காக நூறு வருஷத்துக்கு முன்ன ஆடின விக்டர் ட்ரம்பர், ரஞ்சின்னு போட்டோவை பார்த்து எடுக்குறதும் சரி வராது. வீட்ல இருக்குற ஒரு பெரியவர்கிட்ட கேளுங்க, ஒரு பேட்ஸ்மேன், ஒரு பவுலர், அவ்ளோதான். எங்க பெரியப்பா யோசிக்கவே இல்ல, நம்ம ஜி.ஆர். விஸ்வநாத்னாரு. 1975 பொங்கல் டெஸ்ட், சேப்பாக்கம், வெஸ்ட் இண்டீஸ். ஆண்டி ராபர்ட்ஸ் ஏழு விக்கெட் எடுக்குறாரு, இந்தியா மொத்தமே 190, அதுல விஸ்வநாத் மட்டும் 97 நாட் அவுட், மறுபக்கம் ஆள் தீர்ந்து போனதால செஞ்சுரி போச்சு. "மூணு ரன்னுக்கு நான் வருத்தப்பட்டேன்டா, அவரு வருத்தப்பட்ட மாதிரியே தெரியல"ன்னாரு பெரியப்பா. அந்த ஸ்கொயர் கட்டை கையால காட்ட ஆரம்பிச்சு டீ டம்ளரை தட்டி விட்டது தனி கதை. ஆறாவது இடம்.

பவுலர் பேரு கேட்டதுக்கு நம்ம ஸ்பின்னர் பிஷன் பேடி. கலர் கலரா பட்கா (சீக்கியங்க கட்டுற தலைத்துணி) கட்டிக்கிட்டு, ரெண்டு எட்டு வச்சு பந்தை காத்துல மிதக்க விட்டு, பேட்ஸ்மேன் சிக்ஸ் அடிச்சா தானே கை தட்டுவாராம். தன்னை அடிச்சவனுக்கு கை தட்டுற பவுலரை எடுக்காம வேற யாரை எடுக்குறது.

கீப்பரை கீப்பிங்குக்காக எடுங்க, பேட்டிங்குக்காக இல்ல. அதனால சங்கக்காரா முட்டி போட்டு அடிக்கிற கவர் டிரைவை மறந்துட்டு தோனியை எடுத்திருக்கேன். தோனி பேட்டிங் ஸ்டைல்னு நானே ஒத்துக்க மாட்டேன், அது உழைப்பு. ஆனா அந்த கை! புத்தகத்துல பந்தை வாங்கும்போது கையை பின்னால இழுக்கணும்னு எழுதியிருக்கும், இவரு இழுக்க மாட்டாரு, வாங்குறதும் பெயில் விழுறதும் ஒண்ணாவே நடக்கும், அப்புறம் அம்பயரை பார்த்து கத்த கூட மாட்டாரு. அலட்டிக்காம செய்றதுன்னா வேற என்ன.

வேகப்பந்துல ஒரு சூத்திரம் இருக்கு: நீள ரன்-அப் ஒண்ணு, குட்டை ரன்-அப் ஒண்ணு. நீளத்துக்கு வெஸ்ட் இண்டீஸோட மைக்கேல் ஹோல்டிங். பவுண்டரி பக்கத்துல இருந்து ஓடி வருவாரு, அம்பயருக்கு காலடி சத்தமே கேட்காதாம். 1976 ஓவல் டெஸ்ட், செத்த பிட்ச், ரிச்சர்ட்ஸ் 291, அந்த பக்கம் இங்கிலாந்தோட அமிஸ் 203 அடிச்ச பிட்ச், அதுல இவரு 149 ரன்னுக்கு 14 விக்கெட், பெரும்பாலும் போல்டும் எல்பிடபிள்யூவும்தான். 1980ல டனிடின்ல கோபத்துல ஸ்டம்பை எட்டி உதைச்சாரு, தப்புதான், ஆனா அந்த போட்டோவுல கூட டான்ஸ் ஆடுற மாதிரி இருக்காரு மனுஷன். குட்டைக்கு வாசிம் அக்ரம், நடந்து வந்துட்டு திடீர்னு கை மட்டும் சுத்தும், 1992 உலகக் கோப்பை ஃபைனல்ல இங்கிலாந்தோட லாம்ப், லூயிஸை அடுத்தடுத்த பந்துல எடுத்ததை மியூட்ல பாருங்க. வார்ன் பத்தி எழுத வேண்டியதே இல்ல, நாலு எட்டு நடந்து வந்து உலகத்தையே திருப்பினவரு. முரளியை விட்டது நமக்கு வலிக்கும்தான், 800 விக்கெட், ஆனா அது அதிசயம், ஸ்டைல் கணக்குல வராது.

இந்த டீம்ல குறை இல்லாம இல்ல. அஞ்சாவது பவுலர் மார்க் வாதான், ரன் ஓடுறதுல லக்ஷ்மணும் ரோகித்தும் சேர்ந்துட்டா கடவுள்தான் காப்பாத்தணும், பவுண்டரியில பந்தை துரத்த ஆளே கிடையாது, எல்லாரும் ஸ்லிப்ல நிக்க ஆசைப்படுவாங்க. பரவாயில்ல. பன்னெண்டாவது ஆளா மட்டும் சந்தர்பாலை வைங்க. பெயிலை எடுத்து கிரீஸ்ல அடிச்சு கார்டு எடுத்துக்கிட்டு, நண்டு மாதிரி பக்கவாட்டுல நின்னு, 11,867 டெஸ்ட் ரன் அடிச்ச மனுஷன். சாப்பாட்டுல ஊறுகாய் மாதிரி, அவரு தண்ணி எடுத்துட்டு வந்து போனாதான் மத்தவங்க அழகு தெரியும்.

கேப்டன்தான் பாக்கி. தோனி, வாசிம், வார்ன், லாரான்னு தலைமை தாங்கின ஆளுங்களுக்கு பஞ்சமே இல்ல, ஆனா நான் டாஸ் போட அனுப்புறது விஸ்வநாத்தை. 1980 பிப்ரவரி, மும்பை, இங்கிலாந்தோட ஒரே ஒரு டெஸ்ட். இங்கிலாந்து 58க்கு 5 போயிடுச்சு, அப்புறம் பாப் டெய்லருக்கு அம்பயர் கீப்பர் கேட்ச்னு விரலை தூக்கிட்டாரு. ஸ்லிப்ல நின்ன விஸ்வநாத்துக்கு பேட்ல படலன்னு தெரியும், டெய்லரை திரும்ப கூப்பிட்டு ஆட சொன்னாரு. டெய்லரும் போத்தமும் சேர்ந்து 171 ரன் போட்டாங்க, இந்தியா பத்து விக்கெட்டுல தோத்துச்சு. விஸ்வநாத் கேப்டனா இருந்த ரெண்டாவது டெஸ்ட் அது, அதுக்கப்புறம் அவருக்கு அந்த வேலை கிடைக்கல.