சுவரில் சாயாமல் செட்டிநாடு பார்ப்பது எப்படி

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பல பொருள்களுக்கும் நமக்கும் நடுவே ஒரு கண்ணாடி இருக்கும், அறை ஓரத்தில் காவலர் நிற்பார். செட்டிநாட்டு ஊர்களான ஆத்தங்குடியிலும் கானாடுகாத்தானிலும் பழைய வீடு பார்க்கப் போனால் இந்தத் தடுப்புகள் பெரும்பாலும் இருக்காது. மிதிக்கிற தரை, உட்காருகிற திண்ணை, சாய்கிற சுவர், தடுமாறினால் பிடித்துக்கொள்கிற தேக்குத் தூண் எல்லாமே கலைப்பொருள்தான். மற்ற இடங்களில் யோசிக்காமல் செய்கிற காரியங்களை இங்கே யோசித்துச் செய்ய வேண்டும்.

கிளம்பும் முன் ஒரு வேலை இருக்கிறது. இவை குடும்பச் சொத்துகள். கல்யாணம், சாமி கும்பிடும் நாள் என்றால் வெளியாட்களுக்குத் திறக்க மாட்டார்கள். கட்டணம் வாங்கி உள்ளே விடும் வீடானாலும் முந்தின நாள் விசாரித்துக்கொள்ளுங்கள். புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில் 1910-இல் தொடங்கிய அரசு அருங்காட்சியகத்தையும் சேர்த்துப் பார்ப்பதாக இருந்தால் வெள்ளிக்கிழமையைத் தவிருங்கள், அன்று விடுமுறை.

செருப்பை வாசலில் கழற்றினால் மட்டும் போதாது, பாதத்தில் ஒட்டிய மணலையும் தட்டிவிடுங்கள். தரையில் பதித்திருக்கும் ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டது கிடையாது. கண்ணாடி மேல் அச்சு வைத்து வண்ணக் கலவையை ஊற்றி, பின்பக்கம் சிமெண்டும் மணலும் சேர்த்து, தண்ணீரில் ஊறவைத்து எடுப்பது. பூ வேலைப்பாடு இருப்பது மேலே உள்ள மெல்லிய அடுக்கில் மட்டும். காலடியில் அரைபடும் மணல் அதைத்தான் தேய்க்கிறது.

சுவருக்கு வருவோம், அதிகம் கெடுவது அதுதான். சுண்ணாம்பைப் பலமுறை அரைத்து, முட்டை வெண்கருவும் சேர்த்துப் பூசி, கல்லால் தேய்த்து மெருகேற்றிய சுவர் அது. பார்க்கக் கண்ணாடி போல இருந்தாலும் உள்ளே நுண்துளைகள் உண்டு. திண்ணையில் உட்கார்ந்து தலையைப் பின்னால் சாய்த்தால் தலை எண்ணெய் அந்தத் துளைகளில் இறங்கிவிடும். பழைய திண்ணைகளில் தலை உயரத்தில் பழுப்பு வட்டங்கள் தெரியும், பாருங்கள். ஈரத்துணியால் துடைத்தால் வட்டம் பெரிதாகுமே தவிர போகாது. கோயிலுக்குப் போய்விட்டு வருபவர்கள் கையில் மீந்த குங்குமத்தைத் தூணில் தடவுவதும் இதே கதைதான். ஒரு காகிதத்தில் மடித்துப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தைச் சுற்றிய பகுதியில், மேலே மாட்டியிருக்கும் தஞ்சாவூர் ஓவியங்களைப் பார்க்க நேர் எதிரே நிற்பதைவிட ஓரடி பக்கவாட்டில் நகர்ந்து நில்லுங்கள். அப்போதுதான் தங்க ரேக்கின் (மெல்லிய தங்கத் தகட்டின்) மேடு பள்ளம் தெரியும். பலகை மேல் துணி ஒட்டி, சுண்ணமாவையும் பசையையும் குழைத்து மேடு எழுப்பி, கல் பதித்து, அதன் மேல் ரேக்கு ஒட்டியிருப்பார்கள். பசை ஈரத்தில் ஊறினால் மேடு தூக்கிக்கொள்ளும், ரேக்கு வெடிக்கும். வியர்த்த விரலும் ஈரம்தான். நீட்டிய கை எட்டாத தூரம், குறைந்தது இரண்டரை அடி, எப்போதும் இருக்கட்டும். சுட்டிக்காட்டும்போது பேனா, குடைக்கம்பு வேண்டாம். முதுகுப்பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளுங்கள். திரும்பும்போது முதுகுக்குக் கண் கிடையாது.

"இருட்டாக இருக்கிறதே" என்று ஜன்னலைத் திறக்கிற பழக்கம் நம்மவர்களுக்கு உண்டு. தயவுசெய்து திறக்காதீர்கள். அச்சுப் படங்கள், பழைய குடும்பப் புகைப்படங்கள் போன்ற காகிதப் பொருள்களுக்கு அருங்காட்சியகங்கள் வைத்திருக்கும் வெளிச்ச வரம்பு சுமார் 50 லக்ஸ் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு). நம் ஊர் உச்சிவெயில் ஒரு லட்சம் லக்ஸைத் தொடும். வெளுத்த சாயம் திரும்ப வராது. ஃபிளாஷையும் அணைத்துவிடுங்கள். படம் எடுக்கும்போது பின்னால் பார்க்காமல் நகர்ந்து குத்துவிளக்கைத் தட்டிவிடுவதுதான் அடிக்கடி நடப்பது, ஆகவே முதலில் திரும்பிப் பார்த்துவிட்டு நகருங்கள்.

புதுக்கோட்டையிலிருந்து 16 கி.மீ. தள்ளிச் சித்தன்னவாசல். அங்கே பாறையைக் குடைந்து எடுத்த சமணக் கோயிலான அறிவர் கோயில் சின்னது. நான்கைந்து பேராக உள்ளே போங்கள். கூட்டம் கூடினால் மூச்சுக்காற்றின் ஈரம் சுண்ணப்பூச்சில் படியும். வெயிலிலிருந்து நுழைந்ததும் எதுவும் தெரியவில்லையே என்று வெளியே வந்துவிடாதீர்கள். ஐந்து நிமிடம் சும்மா நின்றால் கண் பழகிவிடும். விதானத்தில் (மேற்கூரையின் உட்புறத்தில்) முதலில் பச்சையாக ஒரு பரப்பு, பிறகு தாமரை இலைகள், இலைகளுக்கு நடுவே மீன், அன்னம், எருமை, யானை, பூப்பறிக்கும் மனிதர்கள் என்று குளம் ஒவ்வொன்றாக எழுந்து வரும். 9-ஆம் நூற்றாண்டு வண்ணம் அது, அவசரப்பட்டால் கிடைக்காது. முகப்புத் தூண்களில் ஆடும் பெண்கள் கை எட்டும் உயரத்தில் இருக்கிறார்கள். அங்கே கையைப் பின்னால் கட்டிக்கொள்வது நல்லது.

குழந்தைகளிடம் "தொடாதே" என்று சொல்லிக்கொண்டே இருப்பதைவிட ஒரு தாளும் பென்சிலும் கொடுங்கள். கை வேலையாக இருந்தால் தூணைத் தேடாது. பேனா கூடாது, மை தெறித்தால் எடுக்க முடியாது. தொட்டுப் பார்த்தே ஆகவேண்டும் என்கிறவர்களுக்குக் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் இருக்கின்றன. கேட்டுவிட்டு எடுக்கலாம். எனாமல் தூக்குவாளியைக் கைப்பிடியில் தூக்காமல் அடியில் கை கொடுத்து இரண்டு கையாலும் எடுங்கள். எனாமல் மோதினால் சில்லு பெயர்ந்து, அந்த இடத்தில் துரு ஏறும்.

இவ்வளவு கவனித்தும் ஏதாவது இடித்து, வண்ணச் செதில் ஒன்று விழுந்துவிட்டால் அதை எடுக்காதீர்கள், ஊதாதீர்கள், எச்சில் தொட்டு ஒட்டப் பார்க்காதீர்கள். விழுந்த இடத்திலேயே இருக்கட்டும், யாரும் மிதிக்காமல் பக்கத்தில் நில்லுங்கள். கூட வந்தவரை அனுப்பி வீட்டைப் பார்த்துக்கொள்பவரைக் கூப்பிடுங்கள். செதில் முழுசாகக் கிடைத்தால் பழுது பார்ப்பவர்களால் பல நேரம் அதே இடத்தில் திரும்ப ஒட்ட முடியும்.