உப்பில்லாத துளியும் பச்சைப்பயறும்

காசிமேடு, திருவொற்றியூர் பிள்ளைகளுக்குக் கடல் புதிதல்ல. மழைநீர் ஏன் கரிப்பதில்லை என்று கேட்டே பாடத்தைத் தொடங்குங்கள்.

அகலப் பாத்திரத்தில் 2 விரற்கடை குடிநீர், 2 ஸ்பூன் சமையல் உப்பு. நடுவில் கனமான குட்டிக் கிண்ணம். கடல்நீர் வேண்டாம், பிள்ளைகள் சுவைக்கப் போகிறார்கள். மேலே பிளாஸ்டிக் தாளை இறுக்கிக் கட்டி, கிண்ணத்துக்கு நேர்மேலே கூழாங்கல் வையுங்கள். நல்ல வெயிலில் 3 மணி நேரம். ஓரம் தளர்ந்தால் நீராவி தப்பிவிடும், கிண்ணம் காலி. சேர்ந்த துளியில் உப்பே இருக்காது. கடல்நீர் உப்பை விட்டுவிட்டு ஆவியாகி மழையாய்த் திரும்பும் நீர்ச்சுழற்சி அந்த நொடியில் புரிந்துவிடும்.

சுவைத்தது போக கிண்ணத்தில் மிஞ்சும் உப்பில்லாத நீரைப் பயறுக்கு ஊற்றுங்கள்; பாத்திரத்து உப்புநீர் வேண்டாம். 8 மணி நேரம் ஊறிய பச்சைப்பயறைக் கண்ணாடி டம்ளர் சுவருக்கும் ஈரப்பஞ்சுக்கும் நடுவே செருகினால், வேர் முதலில் கீழ்நோக்கி வருவது தெரியும். டம்ளரில் நீர் தேங்கினால் காற்றின்றி விதை அழுகி நாறும்.