கிறிஸ்தவ நாவல் வாசிக்கத் தொடங்குவதும் பிறருக்குப் பரிந்துரைப்பதும்: புதியவர்களுக்கு

"நல்ல கிறிஸ்தவ நாவல் ஒன்று சொல்லுங்களேன்" என்று கேட்டால், பலரும் தங்களுக்குப் பிடித்த புத்தகத்தின் பெயரை உடனே சொல்லிவிடுகிறார்கள். கேட்டவருக்கு அது ஒத்துவருமா என்று யோசிப்பதில்லை. விசுவாசத்தைப் பேசும் கதை மனதின் மென்மையான இடத்தைத் தொடுகிறது. அதனால் தேர்ந்தெடுப்பதிலும் கைமாற்றுவதிலும் கொஞ்சம் கூடுதல் அக்கறை வேண்டும்.

படி 1: எந்த வகை என்று பாருங்கள்

இந்தத் துறையில் இரண்டு பெரிய ஓடைகள் உண்டு. ஒன்று, கிறிஸ்தவப் பதிப்பகங்கள் தங்கள் வாசகர்களுக்கென்றே வெளியிடும் நாவல்கள். காதல், வரலாறு, துப்பறிதல், ஆமிஷ் மக்களின் (நவீன வசதிகளைத் தவிர்த்து எளிமையாக வாழும் அமெரிக்கக் கிறிஸ்தவச் சமூகம்) வாழ்க்கை என்று இதற்குள் பல கிளைகள். கெட்ட வார்த்தைகளும் வெளிப்படையான படுக்கையறைக் காட்சிகளும் பெரும்பாலும் இருக்காது. மற்றொன்று, பொதுப் பதிப்பகங்களில் வரும் இலக்கிய நாவல்கள். இவற்றில் சந்தேகமும் தோல்வியும் பதில் கிடைக்காத ஜெபமும் தாராளமாக வரும். மரிலின் ராபின்சன் 2004-இல் எழுதி, 2005-இல் அமெரிக்காவின் புலிட்சர் பரிசு பெற்ற 'கிலியட்' இந்த வகை. 'ஊக்கமூட்டும் புனைவு' என்ற பெயர் இன்னும் அகலமானது. அதில் மதம் மெல்லிய இழையாக மட்டும் வருகிற கதைகளும் அடங்கும்.

படி 2: முதல் புத்தகத்தை எளிதாக எடுங்கள்

வழக்கமாக என்ன வகைக் கதை படிப்பீர்களோ, அதே வகையில் தொடங்குங்கள். துப்பறியும் கதை பிடித்தவர் கிறிஸ்தவத் துப்பறியும் கதையை எடுக்கலாம். அமைதியான குடும்பக் கதை வேண்டுமென்றால் ஜேனட் ஓக் 1979-இல் எழுதிய 'லவ் கம்ஸ் சாஃப்ட்லி' நல்ல வாசல். கணவனை இழந்த பெண்ணும் மனைவியை இழந்த ஆணும் தேவைக்காகத் திருமணம் செய்துகொண்டு, மெதுவாக ஒருவரையொருவர் அறிந்துகொள்ளும் கதை. 'கிலியட்' வயதான போதகர் ஒருவர் தன் சிறு மகனுக்கு எழுதும் நீண்ட கடிதமாக நகர்வது. அத்தியாயங்களே கிடையாது. அருமையான நாவல்தான், ஆனாலும் முதல் புத்தகமாக நான் அதைச் சொல்லமாட்டேன்.

பட்டியல் வேண்டுமென்றால் கிறிஸ்டி விருது பெற்றவற்றைப் பாருங்கள். கேத்தரின் மார்ஷல் 1967-இல் வெளியிட்ட 'கிறிஸ்டி' நாவலின் பெயரால் வழங்கப்படும் விருது இது. வகைவாரியாகக் கொடுப்பதால் தேடுவது சுலபம்.

படி 3: விசுவாசம் கதைக்குள் எப்படி வருகிறது என்று கவனியுங்கள்

இங்கே அவசரப்படாதீர்கள். நாவலில் பெரிய இழப்பு நேரும் இடத்துக்குப் போங்கள். ஒரு தாயின் மகன் இறந்துபோகிறான் என்று வையுங்கள். அடுத்த பக்கத்திலேயே போதகர் வந்து, "சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கும்" என்கிறார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடுகிறாள். வசனம் உண்மையானதுதான், ஆனால் அந்தத் தாயின் துக்கத்துக்கு எழுத்தாளர் இடமே கொடுக்கவில்லை. வேறொரு நாவலில் அதே தாய் பல வாரங்கள் ஆலயத்துக்குப் போகாமல் இருக்கிறாள். மகனின் செருப்பை வாசலிலிருந்து எடுக்க மனம் வராமல் அதைத் தாண்டித் தாண்டி நடக்கிறாள். ஒருநாள் பழக்கதோஷத்தில் சாப்பாட்டுக்கு முன் ஜெபிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்துகிறாள். அந்தப் பாதி ஜெபத்தை நான் நம்புகிறேன்.

படித்துக்கொண்டே மூன்று கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். அவிசுவாசியாக வரும் பாத்திரமும் முழு மனிதராக இருக்கிறாரா? மனந்திரும்புதலுக்குப் பிறகு அந்த ஆளுக்குச் சிக்கலே இல்லாமல் போய்விடுகிறதா? பிரசங்கப் பகுதியை எடுத்துவிட்டால் கதை நிற்குமா? நிற்கிறது என்றால் அந்தப் புத்தகத்தைத் தைரியமாகப் பிறருக்குச் சொல்லலாம்.

படி 4: இரண்டு வரி குறித்துவையுங்கள்

முடித்த அன்றே எழுதுங்கள். கதைச் சுருக்கம் தேவையில்லை. என்ன வலியைப் பேசுகிறது, எந்த இடம் கனமானது, இவை போதும்.

படி 5: கேட்பவரைத் தெரிந்துகொள்ளுங்கள்

புத்தகத்தைவிட ஆள்தான் முக்கியம். பிரான்சின் ரிவர்ஸின் 'ரிடீமிங் லவ்', துரோகம் செய்த மனைவியைத் திரும்ப ஏற்றுக்கொண்ட வேதாகமத்தின் ஓசியா தீர்க்கதரிசியின் கதையைக் கலிபோர்னியாவின் தங்க வேட்டைக் காலத்துக்குக் கொண்டுபோகிறது. எத்தனையோ பேர் உயிராய் நேசிக்கும் நாவல். ஆனால் அதன் நாயகி சிறுமியாக இருக்கும்போதே பாலியல் தொழிலுக்கு விற்கப்பட்டவள். அப்படியொரு காயம் உள்ளவர் கையில் எச்சரிக்காமல் அதைக் கொடுக்கக் கூடாது. பதின்வயதுப் பிள்ளைகளுக்கும் அட்டைப்படத்தைப் பார்த்துக் கொடுத்துவிடாதீர்கள்.

சபைப் பின்னணியையும் பாருங்கள். 2007-இல் வந்த 'தி ஷாக்' (The Shack) நாவலில் பிதாவாகிய தேவன் ஒரு கறுப்பினப் பெண்ணாகத் தோன்றுகிறார். பலருக்கு ஆறுதல் தந்த அதே புத்தகம், உபதேச ரீதியாகப் பலரைக் கோபப்படுத்தவும் செய்தது. இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் வாசிப்பவர் தயாராக இருப்பார்.

இன்னொன்று, இதை அழுத்திச் சொல்கிறேன்: புதிதாகத் துக்கத்தில் இருப்பவருக்கு, அதே துக்கத்தைப் பற்றிய நாவலை மருந்துபோல நீட்டாதீர்கள். வேதாகமத்தில், பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் நண்பர்கள் முதல் ஏழு நாளும் ஒன்றும் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அதுபோல உடன் இருங்கள். அவராகவே கேட்கும்போது புத்தகம் பற்றிப் பேசலாம்.

படி 6: பரிந்துரையைச் சொல்லும் விதம்

"அருமை, கட்டாயம் படியுங்கள்" என்பதில் கேட்பவருக்கு ஒரு தகவலும் இல்லை. இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"தகப்பனோடு பேச்சுவார்த்தை இல்லாத ஒரு மகனின் கதை. மெதுவாகத்தான் போகும், முதல் ஐம்பது பக்கத்துக்குப் பொறுமை வேண்டும். நடுவில் ஒரு தற்கொலை வருகிறது. முடிவில் எல்லாம் சரியாகிவிடாது, ஆனால் மன்னிப்பு எங்கே தொடங்குகிறது என்று காட்டுகிறது. மன்னிக்க முடியாமல் தவிக்கிற, ஆனால் அறிவுரை கேட்கப் பிடிக்காத ஒருவருக்குப் பிடிக்கும்."

யாருக்குப் பிடிக்கும் என்று சொல்லும் அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். யாருக்குப் பிடிக்காது என்றும் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது.

கிறிஸ்தவரல்லாத நண்பர் கேட்டால், அவரை மாற்றும் நோக்கத்தோடு புத்தகம் எடுக்காதீர்கள். அது அவருக்குத் தெரிந்துவிடும், புத்தகத்தையும் திறக்கமாட்டார். கதையாகவே சிறந்த ஒன்றைக் கொடுங்கள். அதில் விசுவாசம் எந்த அளவுக்கு வருகிறது என்பதையும் ஒளிக்காமல் சொல்லுங்கள். கொடுத்த பிறகு "படித்தாச்சா?" என்று நச்சரிக்க வேண்டாம். பாதியில் வைத்துவிட்டதாகச் சொன்னால், எந்த இடத்தில் என்று மட்டும் கேளுங்கள். அடுத்து அவருக்கு எதைக் கொடுக்கலாம் என்று அந்தப் பதிலை வைத்தே முடிவு செய்யலாம்.