குறைந்த கிலோமீட்டர், நிறையச் செம்மண்: பழைய டூயல் ஸ்போர்ட் வாங்குவோர் செய்யும் தவறுகள்

அலுவலகத்தில் என்னுடன் வேலை செய்யும் தம்பி ஒருவன், பழைய ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 பைக் ஒன்றுக்கு முன்பணம் கொடுத்துவிட்டு வந்து கைப்பேசியில் படம் காட்டினான். "அண்ணா, வெறும் 9,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. ஆயில் போன வாரம்தான் மாற்றினார்களாம். டயர் இரண்டும் புதிது" என்றான். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. 2018இல் இதே மூன்று வாக்கியங்களை இதே பெருமையோடு என் மனைவியிடம் சொன்னவன் நான். அந்த மூன்றுமே வண்டியை வாங்குவதற்கான காரணங்கள் அல்ல, சந்தேகப்படுவதற்கான காரணங்கள் என்பது புரிய எனக்கு மூன்று வாரமும் பதின்மூன்றாயிரத்து ஐந்நூறு ரூபாயும் ஆயிற்று.

டூயல் ஸ்போர்ட் என்றால் தார்ச்சாலையிலும் ஓடும், மண்பாதையிலும் ஓடும் வண்டி. நம் ஊரில் குறைந்த விலைக்குக் கைமாறுபவை பெரும்பாலும் மூன்றுதான்: 2011இல் வந்து பிறகு நின்றுபோன ஹீரோ இம்பல்ஸ், 2016இல் வந்த ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411, 2019இல் வந்த எக்ஸ்பல்ஸ் 200. குண்டும் குழியுமான சாலையில் தினமும் வேலைக்குப் போகிறவனுக்கு இவற்றைவிட நல்ல துணை கிடையாது. அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

பகல் வெளிச்சத்தில் பாருங்கள், சேசிஸ் எண்ணை ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள் என்பவற்றையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. எந்த வண்டிக்கும் பொதுவான அந்தப் பாடத்தை உங்கள் சித்தப்பாவே சொல்லித் தந்துவிடுவார்.

கிலோமீட்டரைப் பார்த்து மயங்குவது

நான் வாங்கியது 2012ஆம் ஆண்டு இம்பல்ஸ். விலை 32,000 ரூபாய். ஓடியிருந்தது 11,000 கிலோமீட்டர். கோயம்புத்தூரில் துடியலூரிலிருந்து பீளமேட்டுக்குத் தினமும் போய்வர ஒரு வண்டி தேவைப்பட்டது. விற்றவர் நல்ல மனிதர், ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. "வார இறுதியில் மட்டும்தான் எடுப்பேன்" என்றார். அதை நான் 'அதிகம் உழைக்காத வண்டி' என்று மொழிபெயர்த்துக்கொண்டேன். அவர் சொன்னதன் பொருள் வேறு. வார இறுதிகளில் அந்த வண்டி தடாகம் பள்ளத்தாக்கின் செங்கல் சூளைப் பாதைகளில், முன்னால் போகிற நண்பர்களின் புழுதியைக் குடித்துக்கொண்டே ஓடியிருக்கிறது. தார்ச்சாலையை அது பார்த்ததே வீட்டிலிருந்து அந்த மண்ணுக்குப் போகிற தூரம்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். மண்பாதையில் சராசரி வேகம் மணிக்கு 20 கிலோமீட்டர் என்றால், 11,000 கிலோமீட்டர் ஓட 550 மணி நேரம் ஆகும். அதே 550 மணி நேரத்தில் நெடுஞ்சாலையில் 55 கிலோமீட்டர் சராசரியில் போகிற வண்டி 30,000 கிலோமீட்டரைத் தாண்டியிருக்கும். அதுவும் நிதானமாக, மேல் கியரில், காற்று வாங்கிக்கொண்டே போயிருக்கும். மண்பாதையில் முதல் கியரும் இரண்டாம் கியரும் மாறி மாறி, கிளட்ச்சைப் பாதி பிடித்தபடி, இன்ஜின் அலற அலற ஓட்ட வேண்டும். மீட்டர் தூரத்தை மட்டும்தான் எண்ணுகிறது. இந்த வகை வண்டியில் பார்க்க வேண்டியது உழைப்பை.

வாங்கிய மூன்றாம் வாரம் பக்கத்து வீட்டுப் பெரியவர், "உன் வண்டி நீலமாகப் புகைகிறதே தம்பி" என்றார். பனியாக இருக்கும் என்றேன். கோயம்புத்தூரில் ஏப்ரல் மாதத்தில் பனி! அடுத்த ஞாயிற்றுக்கிழமை மருதமலை ஏறும்போது மூன்றாம் கியரில் வண்டி மூச்சு வாங்கியது. இறங்கி வந்து ஆயில் அளவு பார்க்கும் குச்சியை எடுத்தால் நுனியில் ஈரம்கூட இல்லை. புத்தம் புதிதாக ஊற்றியதாகச் சொன்ன ஆயில் அத்தனையும் புகையாகப் போயிருந்தது.

மெக்கானிக் இன்ஜினைப் பிரித்துக் காட்டினார். சிலிண்டர் சுவரில் மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கீறல். பிறகு ஏர் ஃபில்டருக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் இருக்கிற ரப்பர் குழாய்க்குள் விரலை விட்டு எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். விரல் குங்குமம் தொட்டதுபோல் சிவந்திருந்தது. "வண்டி மண்ணைத் தின்றிருக்கிறது, சார்" என்றார். ஃபில்டரைக் கடந்த பிறகு வருகிற குழாய் அது. அங்கே ஒரு துகள்கூட இருக்கக் கூடாது.

நடந்தது இதுதான். ஃபில்டர் அடைத்துக்கொண்டோ, கிழிந்தோ, சரியாகப் பொருந்தாமலோ இருந்தால் நுண்மணல் காற்றோடு உள்ளே போகும். மணல் இரும்பையே அறுக்கும் பொருள். சிலிண்டர் சுவரில் படிந்திருக்கும் ஆயிலோடு சேர்ந்தால் அது சாணைப் பசை. பிஸ்டன் ஒவ்வொரு முறை மேலேறி இறங்கும்போதும் அதைச் சுற்றியுள்ள ரிங்கும் சுவரும் தேயும். தேய்ந்த இடைவெளி வழியாக ஆயில் மேலேறி எரியும், அழுத்தம் கீழே கசியும். வெளியே பார்த்தால் வண்டி பளபளவென்றுதான் இருக்கும். சைலன்சரில் துருகூட இருக்காது.

லேத் பட்டறையில் சிலிண்டரின் உள்சுவரைக் கடைந்து பெரிதாக்கி (ரீபோர்), பெரிய அளவு பிஸ்டனும் ரிங்கும் போட்டு, வால்வு சீல், கிளட்ச் தகடுகள் எல்லாம் மாற்றி 13,500 ரூபாய். ஒன்பது நாள் பஸ் பயணம். இதில் ஒரே ஆறுதல், அந்த 149.2 சிசி இன்ஜின் ஹங்க், சிபிசெட் எக்ஸ்ட்ரீம் பைக்குகளின் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதால் உதிரிபாகத்துக்கு அலையவில்லை. முன் மட்கார்டு உடைந்தபோதுதான் அலைந்தேன். அது இம்பல்ஸுக்கே உரியது. நின்றுபோன வண்டியை வாங்குகிறவர்கள் இன்ஜின் சாமான் கிடைக்குமா என்று மட்டும் கேட்கிறார்கள். பிளாஸ்டிக், சீட், முன் ரிம் கிடைக்குமா என்று கேளுங்கள்.

இன்றுவரை என்னை எரிச்சலூட்டுவது போன பணம் அல்ல. இரண்டு திருகுகளைக் கழற்றி, ஒரு விரலை உள்ளே விட்டிருந்தால் ஐந்தே நிமிடத்தில் தெரிந்திருக்கும். அன்று நான் அரை மணி நேரம் டேங்கில் இருந்த ஸ்டிக்கரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன்.

ஆகவே, ஸ்க்ரூ டிரைவரோடு போங்கள். ஃபில்டர் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். சிலருக்கு ஸ்க்ரூ டிரைவரைக் கண்டதுமே முகம் மாறும். அதுவும் ஒரு பதில்தான். புது ஃபில்டரைப் பார்த்துத் திருப்திப்பட்டுவிடாதீர்கள். ஃபில்டரை நேற்று மாற்றியிருக்கலாம். அதற்கு அப்பால் உள்ள குழாயைத் துடைக்கப் பெரும்பாலோருக்குத் தோன்றாது.

புது ஆயிலும் அப்படித்தான். பழைய ஆயில் ஒரு சாட்சி. பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது, வாய்க்காலையோ ஓடையையோ கடந்த வண்டி. மினுமினுப்பு தெரிந்தால் உலோகம் தேய்கிறது. அளவு குறைந்திருந்தால் எரிக்கிறது. விற்பதற்கு முந்தைய வாரம் ஆயிலை மாற்றியவர் தெரிந்தோ தெரியாமலோ அந்தச் சாட்சியை அனுப்பிவிட்டார். நான் இப்போதெல்லாம் தொலைபேசியிலேயே சொல்லிவிடுகிறேன்: "சர்வீஸ் செய்ய வேண்டாம், கழுவவும் வேண்டாம், இருக்கிறபடியே காட்டுங்கள்."

புகையைப் பார்க்க நீங்கள் அந்த வண்டியில் இருக்கக் கூடாது. நண்பரை ஓட்டவிட்டு வேறொரு வண்டியில் பின்னால் போங்கள். முறுக்கி ஏறும்போது விடாமல் நீலப் புகை வந்தால் ரிங் தேய்ந்திருக்கிறது. காலையில் முதல் முறை கிளப்பும்போது மட்டும் கொஞ்சம் வந்து நின்றுவிட்டால் பெரும்பாலும் வால்வு சீல். பின்னது சின்னச் செலவு, முன்னது என் கதை.

கோன் செட்டை மறப்பது

தண்ணீரும் சேறும் இன்ஜினை விட்டாலும் பேரிங்குகளை விடுவதில்லை. இன்ஜினுக்கு அடியில் மரக்கட்டை வைத்து முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்குங்கள். ஹேண்டில்பாரை மெதுவாக இடவலமாகத் திருப்புங்கள். நேராக வரும் இடத்தில் பள்ளத்தில் விழுவதுபோல் 'டக்' என்று நின்றால் கோன் செட், அதாவது ஹேண்டில் திரும்பும் கழுத்திலுள்ள பேரிங், போய்விட்டது. ஃபார்க்கின் அடிப்பகுதியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டுங்கள், ஆட்டம் இருக்கக் கூடாது. பிறகு சக்கரத்தைச் சுழற்றி, ஸ்போக்ஸ் கம்பிகளை ஸ்க்ரூ டிரைவரால் தட்டிக்கொண்டே போங்கள். இறுகிய கம்பி கணீரென்று ஒலிக்கும், தளர்ந்தது தகரம்போல் தட்டையாக ஒலிக்கும்.

உயரத்துக்குப் பயந்து வண்டியை வெட்டுவது

ஸ்பிளெண்டரின் சீட் உயரம் 785 மில்லிமீட்டர். ஹிமாலயன் 800, எக்ஸ்பல்ஸ் 823, இம்பல்ஸ் 840. என் உயரம் ஐந்தடி நான்கு அங்குலம். முதல் வாரம் ஒவ்வொரு சிக்னலிலும் நுனிக்காலில் நின்று நடுங்கினேன். அப்போது யாரோ சொன்னதைக் கேட்டு, பின் ஷாக் அப்சார்பரைத் தாழ்த்தும் வேலையையும் செய்துவிட்டேன்.

தாழ்த்திய மறுநாள் சைடு ஸ்டாண்டு போட்டு இறங்கினேன், வண்டி மறுபக்கம் சாய்ந்து விழுந்தது. வண்டி தாழ்ந்துவிட்டது, ஸ்டாண்டு தாழவில்லை! சாயாமல் நெட்டுக்குத்தாக நிற்கிற வண்டியை ஒரு காற்று தள்ளிவிடும். அதைச் சரிசெய்ய ஸ்டாண்டை வெட்ட வேண்டும். அதற்குள் பின்புறம் மட்டும் தாழ்ந்ததால் ஹேண்டில் கனமாகிவிட்டது, வேகத்தடையில் அடியும் இடித்தது. எந்த வசதிக்காக இந்த வண்டியை வாங்கினேனோ அதையே காசு கொடுத்து அறுத்தெறிந்தேன்.

இரண்டு காலும் ஊன்ற வேண்டியதில்லை. நிற்பதற்கு முன்பே இடுப்பைச் சீட்டில் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்துங்கள், இடது பாதம் முழுதாகத் தரையில் பதியும், வலது கால் பிரேக்கில் இருக்கும். சாலையின் இடது ஓரம் மழைநீர் வடியச் சரிந்திருக்கும் என்பதை நினைவில் வைத்து, ஓரத்தை ஒட்டி நிறுத்தாதீர்கள், பள்ளத்தில் கால் எட்டாது. பத்து நாளில் பழகிவிடும்.

பட்டன் டயர்

மண்ணைப் பிடிக்கக் கட்டை கட்டையாக ரப்பர் துருத்திய டயர். பார்க்க அழகு. தினமும் தார்ச்சாலையில் ஓட்டினால் நடுக்கட்டைகள் விரைவில் மொட்டையாகும். மழைக்கால ஈரத் தார்ச்சாலையில் தரையைத் தொடும் ரப்பர் குறைவு என்பதால் பிரேக் பிடிக்கும் தூரம் கூடும். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். இம்பல்ஸில் கிடையாது, எக்ஸ்பல்ஸில் முன்சக்கரத்துக்கு மட்டும்தான் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். விற்பவர் 'புது டயர்' என்று விலையை ஏற்றினால், அது எந்த டயர் என்று பாருங்கள். அலுவலகம் போகிறவனுக்கு அது கூடுதல் மதிப்பு அல்ல, கூடுதல் செலவு.

பஞ்சரான பிறகு யோசிப்பது

ஸ்போக்ஸ் சக்கரம், டியூப் டயர். டியூப்லெஸ்ஸில் ஆணியோடு கடை வரை ஓட்டிப் பழகியவர்கள் இதிலும் அப்படியே நானூறு மீட்டர் ஓட்டி, டியூபைக் கிழித்து, வால்வையும் பிடுங்கிவிடுகிறார்கள். இறங்கித் தள்ளுங்கள். ஹிமாலயன், எக்ஸ்பல்ஸ் இரண்டுக்கும் முன்சக்கரம் 21 அங்குலம். அந்த அளவு டியூப் தெருமுனைப் பஞ்சர் கடையில் இருக்காது. ஒன்றை வாங்கி வண்டியிலேயே வைத்திருங்கள். சென்ற மழைக்காலத்தில் இரவு ஒன்பதரை மணிக்குச் சரவணம்பட்டியில் என்னைக் காப்பாற்றியது என் வண்டியில் அப்படி வைத்திருந்த டியூப்தான்.

சைலன்சர் மாற்றிய வண்டி

வாங்காதீர்கள்.

பல்சக்கரத்தை எண்ணாமல் விடுவது

மண்பாதைக்காக செயினை இழுக்கும் முன் பல்சக்கரத்தை (ஸ்ப்ராக்கெட்) சிறிதாக மாற்றியிருப்பார்கள். இழுவை நன்றாக இருக்கும். அவிநாசி சாலையில் அறுபதைத் தொட்டாலே இன்ஜின் கத்தும், மைலேஜ் இறங்கும். பற்களை எண்ணுங்கள்.

காகிதம்

உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டு, 'அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்' என்று மேசை இழுப்பறையில் போட்டுவிடாதீர்கள். விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். இழப்பீடு கேட்காததற்காகப் பழையவருக்குக் கிடைத்த கட்டணச் சலுகை (நோ கிளெய்ம் போனஸ்) உங்களுக்கு வராது. ஆர்.சி.யில் கடன் கொடுத்தவர் பெயர் இருந்தால், கடன் தீர்ந்ததைத் தெரிவிக்கும் படிவம் 35உம் அவர்களின் தடையின்மைச் சான்றும் கைக்கு வரும்வரை முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். இன்னொன்று, பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான். 2012 வண்டிக்கு அது 2027இல் முடிகிறது, புதுப்பிக்கப் பரிசோதனையும் கட்டணமும் உண்டு. மலிவாகக் கிடைத்த இம்பல்ஸ் ஏன் மலிவு என்பதற்குப் பாதிப் பதில் அதில் இருக்கிறது.

வேகத்தடையில் பறப்பது

ரிம் வளையும். பின்னால் உட்கார்ந்திருக்கும் அம்மாவின் இடுப்பு அதற்கு முன்பே போய்விடும்.

தம்பியின் எக்ஸ்பல்ஸை அடுத்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தோம். ஃபில்டர் பெட்டியைத் திறந்து, அவனையே விரலை விடச் சொன்னேன். ஒன்றும் ஒட்டவில்லை, சுத்தம். எனக்கு லேசான ஏமாற்றம்கூட. கோன் செட் மட்டும் நடுவில் 'டக்' என்றது. அதைக் காட்டி 2,000 ரூபாய் குறைத்து வாங்கினான். பட்டன் டயரை மாற்றச் சொல்லி மூன்று வாரமாகிறது, இன்னும் மாற்றவில்லை. படத்தில் நன்றாக இருக்கிறதாம்.