ஒரு தெர்மோகோல் பந்து, ஒரு பல்பு: குழந்தைகளுக்குப் பிறையைப் புரியவைப்பது எப்படி?

“மீதி நிலா எங்கம்மா போச்சு?” என்று ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் மொட்டைமாடியில் கேட்டாள். பூமியின் நிழல் மறைக்கிறது என்று சொல்லிவிட்டேன். அது தவறு. பூமியின் நிழல் நிலாவில் விழுவது சந்திர கிரகணத்தன்று மட்டும்தான். மற்ற நாளெல்லாம் நிலாவின் ஒரு பாதியில் வெயில் அடித்துக்கொண்டே இருக்கிறது. அந்தப் பாதியில் எவ்வளவு நம் கண்ணுக்குத் தெரிகிறதோ, அதுதான் பிறை. படம் வரைந்து சொன்னபோது அவளுக்குப் பிடிபடவில்லை. பந்தைக் கையில் கொடுத்ததும் பிடிபட்டது.

1. முதலில் வானம்

தினசரி காலண்டரில் அமாவாசையைப் பார்த்து, மூன்றாம் நாள் மாலை தொடங்குங்கள். சூரியன் மறைந்ததும் மேற்கே பிறை தெரியும். புத்தகப் படங்களில் பிறை நிமிர்ந்து நிற்கும். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கும் நம் ஊரில் அது படகு மாதிரி படுத்திருக்கும். குழந்தை படகாக வரைந்தால் திருத்தாதீர்கள், அவள் பார்த்ததுதான் சரி. ஒரு வாரம் தினமும் அதே நேரத்தில் வரையச் சொல்லுங்கள்.

2. பந்தும் பல்பும்

ஸ்டேஷனரி கடையில் ஆரஞ்சுப்பழ அளவில் வெள்ளை தெர்மோகோல் பந்து கிடைக்கும். அதில் பென்சிலைச் செருகுங்கள். விளக்குக்கு மூடி இல்லாத எல்.இ.டி. பல்புதான் என் தேர்வு. டார்ச் வேண்டாம், அதன் ஒளி ஒரே பக்கம் பாய்வதால், குழந்தை கொஞ்சம் நகர்ந்தாலும் பந்து இருட்டில் போய்விடும்.

இருட்டறையில், குழந்தையின் முக உயரத்தில், இரண்டு மீட்டர் தள்ளி பல்பு எரியட்டும். குழந்தையின் தலைதான் பூமி. பல்பைப் பார்த்தபடி கையை நீட்டிப் பந்தைப் பிடித்தால், நம் பக்கம் முழுக்க இருட்டு: அமாவாசை. நின்ற இடத்திலேயே இடப்பக்கமாக மெல்லத் திரும்பச் சொல்லுங்கள். பந்தின் வலது ஓரத்தில் கீற்றாக வெளிச்சம் வரும். கால் சுற்றில் பாதி நிலா. பல்புக்கு முதுகு காட்டும்போது பௌர்ணமி. அதற்கு மேல் திரும்பினால் தேய்பிறை. நிஜ நிலா அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைக்கு வர சுமார் 29½ நாள் ஆகும்.

நான் மாட்டிக்கொண்டது பௌர்ணமியில்தான். முதுகைத் திருப்பியதும் மகளின் தலை நிழல் பந்தை அப்படியே மூடிவிட்டது. “இப்பவும் அமாவாசைதானே?” என்றாள். மூன்று முறை செய்தும் அதே கதை. பந்தைத் தலைக்கு மேலே கொஞ்சம் உயர்த்தியதும் பளிச்சென்று வெளிச்சம் விழுந்தது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. நிலாவின் பாதை பூமியின் பாதையோடு சுமார் 5 டிகிரி சாய்ந்திருப்பதால், பெரும்பாலான பௌர்ணமிகளில் நம் நிழல் நிலாவைத் தொடாமல் போய்விடுகிறது. அப்புறம் வேண்டுமென்றே பந்தை இறக்கி, “இதுதான் கிரகணம்” என்று காட்டினேன். அன்று நான் சொன்ன தவறான பதிலைத் திருத்திக்கொள்ளவும் அதுவே நேரமானது.

சேர்த்தது: பந்தின் இருட்டுப் பக்கமும் வெளுப்பாகத் தெரிகிறது என்று பின்னூட்டத்தில் பலர் எழுதியிருந்தீர்கள். வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பும் ஒளி அது. பக்கத்துச் சுவரில் கருப்புத் துணியைத் தொங்கவிடுங்கள். நான்கு வயதுக் குழந்தை பந்தை விட்டுவிட்டுப் பல்பையே பார்க்கிறது என்றால், சுழல் நாற்காலியில் உட்காரவைத்து நீங்களே திருப்புங்கள்.

3. நிலாவின் பள்ளங்கள்

தட்டில் இரண்டு விரல் உயரம் மைதா, மேலே மெல்லிசாகக் கேழ்வரகு மாவு. இடுப்பு உயரத்திலிருந்து கோலிக்குண்டைப் போடுங்கள். உள்ளிருக்கும் வெள்ளை மாவு சுற்றிலும் கோடு கோடாகச் சிதறும். பௌர்ணமியன்று பைனாகுலரில் டைக்கோ என்ற பள்ளத்தைச் சுற்றி இதே கோடுகளைப் பார்க்கலாம்.

4. தூரம்

பூமிக்கு கூடைப்பந்து, நிலாவுக்கு டென்னிஸ் பந்து. “நிலாவை எங்கே வைக்கலாம்?” என்று கேளுங்கள். மகள் ஒரு சாண் தள்ளி வைத்தாள். சரியான இடம் ஏழு மீட்டருக்குச் சற்று மேலே. வாசலைத் தாண்டித் தெருவுக்கே போக வேண்டியிருந்தது. நிஜத்தில் சராசரி தூரம் 3,84,400 கிலோமீட்டர்.

5. காலை நிலா

பௌர்ணமி முடிந்து நாலைந்து நாள் கழித்து, காலை ஏழரை மணிக்கு மாடிக்குப் போங்கள். மேற்கே நிலா இருக்கும். சூரியனுக்கு முதுகு காட்டி, அதே தெர்மோகோல் பந்தை நிலாவுக்குப் பக்கத்தில் வருகிற மாதிரி வெயிலில் நீட்டச் சொல்லுங்கள். வானத்து நிலா எந்த வடிவத்தில் இருக்கிறதோ, பந்திலும் அதே வடிவத்தில் வெளிச்சம் இருக்கும். மகள் பந்தையும் நிலாவையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “அம்மா, ரெண்டுக்கும் ஒரே வெயில்!” என்றாள்.